இத்தாலியின் சிறுதொழில் வட்டாரங்கள்: வெளிநாடு போனது வேலை மட்டும்தானா?

கேள்வி: கொங்குவாசி

கல்லூரியில் தொழிற்பொருளியல் நடத்துகிறேன். தொழில் வட்டாரங்கள் என்ற பாடத்தை, ஆங்கிலப் பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டையும் லங்காஷயரையும் பற்றி எழுதியதில் தொடங்கி, 1970-களின் இறுதியில் ஃபிளாரன்ஸ் நகரப் பொருளியலாளர் ஜாகோமோ பெக்கத்தீனி அதே கருத்தைத் தூசு தட்டி எடுத்து இத்தாலியச் சிற்றூர்களுக்குப் பொருத்திக் காட்டியது வரை கொண்டுவந்து முடிப்பது வழக்கம். பாடநூலும் அங்கேயே நின்றுவிடுகிறது. பிராட்டோவில் கம்பளி, சஸ்ஸுவோலோவில் டைல்ஸ், மொன்தெபெல்லூனாவில் பனிச்சறுக்குக் காலணி, காதோரேயில் மூக்குக்கண்ணாடிச் சட்டம், மன்சானோவில் நாற்காலி என்று ஊருக்கு ஒரு தொழிலை வைத்துக்கொண்டு, பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் பட்டறைகள், ஒன்றோடொன்று போட்டியிட்டபடியே ஒன்றுக்கொன்று வேலை கொடுத்தும் வாங்கியும் உலகச் சந்தையைப் பிடித்தன என்று சொல்லிச் சுபம் போட்டுவிடுகிறோம்.

மாணவர்கள் கேட்பதோ அதற்குப் பிறகு நடந்ததை. 2001 டிசம்பரில் சீனா உலக வணிக அமைப்பில் சேர்ந்தது. எந்த நாட்டிலிருந்து எவ்வளவு ஜவுளி இறக்குமதி செய்யலாம் என்று வரம்பு கட்டிய ஜவுளிக் கோட்டா முறை 2005 ஜனவரி 1 அன்று முடிவுக்கு வந்தது. லீரா போய் யூரோ வந்ததால், நாணய மதிப்பைக் குறைத்து ஏற்றுமதியைத் தூக்கி நிறுத்தும் பழைய உத்தியும் கைவிட்டுப் போயிற்று. இவற்றுக்கெல்லாம் முன்பே பல இத்தாலிய முதலாளிகள் தையலையும் பாகங்களைப் பூட்டும் வேலையையும் தாங்களாகவே ருமேனியாவுக்கும் துனிசியாவுக்கும் கொண்டுபோய்விட்டார்கள். 2011 கணக்கெடுப்பிலும் இத்தாலியப் புள்ளியியல் நிறுவனம் 141 வட்டாரங்களை அடையாளம் கண்டிருப்பதால், இவை அடியோடு அழிந்துவிட்டன என்றும் சொல்ல முடியவில்லை. மேற்சொன்னவற்றில் எது உண்மையில் வட்டாரங்களை ஆட்டிவைத்தது? வெளியே போன வேலையோடு கைத்திறனும் போய்விட்டதா? தொழிலோடு தொடர்புள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: நூல்வணிகன்

ஐயா, கம்பளித் துணி வாங்கி விற்கும் தொழிலில் இருப்பதால் நான் பிராட்டோவைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பிராட்டோவின் மூலப்பொருள் பழந்துணி. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கழித்துக் கட்டிய ஸ்வெட்டரும் கோட்டும் பேல் பேலாக வந்து இறங்கும். தரம் பிரிப்பவர் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, பொத்தானையும் ஜிப்பையும் உள்துணியையும் வெட்டி எறிந்துவிட்டு, விரலால் தடவியே கம்பளி எவ்வளவு, செயற்கை இழை எவ்வளவு என்று கணித்து, நிறவாரியாகக் குவியலில் வீசுவார். நீலத்தில் மட்டுமே பல குவியல்கள் இருக்கும். இப்படிப் பிரித்து, கிழித்து இழையாக்கி, தக்க விகிதத்தில் கலப்பதால், மறுபடி சாயம் ஏற்றாமலேயே கேட்ட நிறத்துக்கு நெருக்கமான நூல் கிடைத்துவிடும். சாயச் செலவும் தண்ணீரும் மிச்சம். பதினான்காம் நூற்றாண்டிலேயே பிரான்செஸ்கோ தாத்தீனி என்ற பெருவணிகரைத் தந்த ஊர் அது. அவர் விட்டுச்சென்ற ஏறத்தாழ 1,50,000 கடிதங்கள் இன்றும் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. 1886-இல் தொடங்கிய புஸ்ஸி ஜவுளிப் பள்ளியும் அங்கேதான் இருக்கிறது. ஆனாலும் அந்தத் தரம்பிரிப்பை எந்தப் பள்ளியும் கற்றுத் தந்ததாக நான் நினைக்கவில்லை. கிடங்கில் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று படிந்த பழக்கம் அது.

அடுத்தவர் இம்பன்னத்தோரே எனப்படும் இடைவணிகர். சொந்தமாக ஒரு தறிகூட இல்லாமல், வெளிநாட்டு ஆடை நிறுவனத்திடம் ஆர்டர் பிடித்துவந்து, நூற்பவர், முறுக்குபவர், பாவு ஓட்டுபவர், நெய்பவர், சாயமிடுபவர், ஃபினிஷிங் செய்பவர் என்று ஆளுக்கொரு ஜாப் ஒர்க்காகப் பிரித்துக் கொடுத்துத் துணியாக்கி அனுப்புவது அவர் வேலை. எந்த நெசவாளரிடம் எந்தத் துணி சரியாக வரும், யாரிடம் இப்போது தறி காலியாக இருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. பருவத்தின் நடுவில் மாதிரியை மாற்றச் சொன்னால் சில வாரங்களில் மாற்றித் தர முடிந்ததற்கு இந்த ஏற்பாடே காரணம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பிராட்டோவின் முதல் சறுக்கல் சீனாவால் நேர்ந்ததே அல்ல. 1980-களின் நடுவில் கனத்த கம்பளித் துணி மோஸ்தரிலிருந்து இறங்கியபோதே ஏராளமான பட்டறைகள் மூடின. 1992 செப்டம்பரில் ஐரோப்பிய நாணய ஏற்பாட்டை விட்டு வெளியேறிய லீரா மலிந்ததும் வண்டி மறுபடி ஓடியது. யூரோ வந்தபின் அந்த ஊன்றுகோல் இல்லை, கோட்டாவும் போயிற்று. 2005 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியம் சீனாவோடு அவசர உடன்பாடு செய்து சில ஜவுளிப் பொருள்களுக்கு 2007 முடிய வரம்பு கட்டியது, அவ்வளவுதான். அந்தப் பத்தாண்டில் பிராட்டோவின் ஜவுளி வேலைவாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது.

சரிந்த விதம்தான் முக்கியம். பெரிய ஆலை ஒன்று ஆர்டர் குறைந்தால் ஷிப்டைக் குறைத்துக்கொண்டு பிழைத்துக்கிடக்கும். பிராட்டோவில் முறுக்குப் பட்டறை ஒன்று மூடினால், அதை நம்பியிருந்த விசேஷ நூல் கிடைக்காமல் நெசவாளர் ஒருவர் தவிப்பார். அவரும் தறியை விற்றால், அந்தத் துணிக்காகவே வந்துகொண்டிருந்த வாடிக்கையாளர் துருக்கிக்குப் போய்விடுவார். ஆர்டர் திரும்பி வந்தாலும் நடுவில் ஒரு கண்ணி அறுந்திருக்கும். பிராட்டோ கழித்துவிட்ட, இழையை வாரிச் சீராக்கும் கார்டிங் இயந்திரங்கள் பல நம் நாட்டுப் பானிப்பட்டுக்கு வந்து சேர்ந்து, அங்கே பழந்துணிக் கம்பளி நூற்கின்றன. அவற்றோடு இம்பன்னத்தோரே வரவில்லை.

ஊருக்குள் சீனர்கள் வந்தது தனிக் கதை. 1990 வாக்கில் சீனாவின் வென்ஜோ பகுதியிலிருந்து வரத் தொடங்கியவர்கள் முதலில் பின்னலாடைக்கும் தோல்பைக்கும் கூலித் தையல் தைத்தார்கள். பின்னர் மக்ரோலோத்தோ தொழிற்பேட்டையில் சொந்தமாக மலிவு ஆடை நிறுவனங்களைத் தொடங்கினார்கள். பிராட்டோக்காரர்களின் தொழிலை அவர்கள் பறித்துக்கொண்டார்கள் என்று பலர் எழுதுவது சரியல்ல. பிராட்டோ துணி செய்யும் ஊர். அவர்கள் ஆடை தைத்தார்கள், அதுவும் பெரும்பாலும் சீனாவிலிருந்து வந்த துணியில். இரண்டும் ஒரே ஊரில் பக்கம் பக்கமாக, அதிகம் கலக்காமல் நடந்தன. வேலையை மலிவான நாட்டுக்குக் கொண்டுபோவதற்கு மாறாக, மலிவான வேலை நிலைமையே ஊருக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. 2013 டிசம்பர் 1 அன்று அங்கே ஓர் ஆடைப் பட்டறை எரிந்து, உள்ளேயே அட்டைத் தடுப்புகளில் தங்கியிருந்த சீனத் தொழிலாளர் 7 பேர் இறந்ததை உங்கள் மாணவர்களுக்கு அவசியம் சொல்லுங்கள்.

பதில்: ஆம்பூரான்

நூல்வணிகன் சொன்னது துணிக்குப் பொருந்தும். காலணியில் நடந்தது வேறு மாதிரி. ஷூ அப்பர், அதாவது ஷூவின் மேற்பாகம், தைக்கும் தொழிற்சாலையில் தயாரிப்புப் பிரிவைப் பார்த்துக்கொள்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

ஒரு ஷூவில் கூலி அதிகம் விழுங்கும் பகுதி அப்பர். தோலை வெட்டி, ஓரத்தைச் சீவி, மடித்து, தைத்து முடிக்கும் வரை பல கைகள் மாறும். அதற்குப் பிறகு லாஸ்ட் எனப்படும் பாத வடிவ அச்சின் மீது இழுத்துப் போட்டுச் சோலை ஒட்டுவதில் இயந்திரத்தின் பங்கு அதிகம். ஆகவே முதலில் வெளியே போனது அப்பர். ஐரோப்பிய ஒன்றியச் சுங்க விதியில் ஒரு வசதி இருந்தது: வெட்டிய தோலை வெளியே அனுப்பித் தைத்துத் திரும்பக் கொண்டுவந்தால், அங்கே கூடிய மதிப்புக்கு மட்டும் வரி கட்டினால் போதும். 1990-களில் இத்தாலியின் வடகிழக்கிலுள்ள வெனெட்டோ மாநில முதலாளிகள் இதை வைத்துக்கொண்டு ருமேனியாவின் திமிஷோவாரா நகருக்குக் கூட்டமாகப் போனார்கள். ஏழு மாகாணங்கள் கொண்ட வெனெட்டோவின் எட்டாவது மாகாணம் என்று அந்த நகரைக் கேலியாகச் சொல்லும் அளவுக்குப் போனார்கள். எங்கள் ஆம்பூர், இராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்தும் இத்தாலிக்கு அப்பர் போயிற்று. அப்பர் இங்கே, சோல் அங்கே, பெட்டியில் 'மேட் இன் இத்தாலி'. அதில் சட்ட மீறல் எதுவும் இல்லை, ஏனென்றால் காலணியின் பிறப்பிடத்தைத் தீர்மானிப்பது பொதுவாகச் சோலோடு சேர்க்கும் வேலைதான்.

மொன்தெபெல்லூனாவை எடுத்துக்கொள்ளுங்கள். மலையேறும் பூட்ஸ் தைத்துக்கொண்டிருந்த ஊர், பிளாஸ்டிக் பனிச்சறுக்கு பூட்ஸ் வந்தபோது தையலை விட்டு அச்சு வார்ப்புக்கு மாறி உலகச் சந்தையைப் பிடித்தது. பின்னர் ஸ்னீக்கருக்கும் போனது. ஜியாக்ஸ் காலணி நிறுவனம் அங்கே தோன்றியதுதான். தைப்பது வெளியே போனாலும், மாதிரி வரைபவர், லாஸ்ட் செதுக்குபவர், அச்சு செய்பவர், சோதித்துப் பார்ப்பவர் ஆகியோர் ஊரிலேயே இருந்ததால், பிற நாட்டு விளையாட்டுக் காலணி நிறுவனங்களும் அங்கே வடிவமைப்பு அலுவலகம் திறந்தன. வேலை போயிற்று, ஆனால் வட்டாரத்தின் மூளை தங்கிற்று என்று இதை மெச்சுவார்கள்.

எனக்கு அதில் ஒரு சந்தேகம் உண்டு. மாதிரி வரைபவர் தையல் மேசையிலிருந்தே உருவாகிறார். தோல் எந்தப் பக்கம் இழுபடும், எந்த வளைவில் ஊசி தோலைக் கிழிக்கும் என்பது தைத்துப் பார்த்தவருக்கே தெரியும். இத்தாலியிலிருந்து எங்களிடம் வரும் டெக்னீஷியன்கள் பெரும்பாலும் தலைநரைத்தவர்கள். வெட்டிய துண்டைக் கையில் எடுத்ததுமே எங்கே சுருக்கம் விழும் என்று பென்சிலால் வட்டம் போட்டுவிடுவார்கள். அவர்கள் தைக்கக் கற்றது இளவயதில், சொந்த ஊர்ப் பட்டறையில். இப்போது அங்கே தையல் மேசையே இல்லையென்றால் அடுத்த டெக்னீஷியன் எங்கிருந்து வருவார்? கைத்திறன் போய்விட்டதா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில்: உடனே போகவில்லை, ஒரு தலைமுறை கழித்துப் போகிறது, அதனால் கணக்கில் தெரிவதில்லை.

திமிஷோவாராவும் நிலைக்கவில்லை என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2007-இல் ருமேனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபின் கூலி ஏறியது. தைக்கத் தெரிந்தவர்கள் பலர் இத்தாலிக்கே வேலைக்குப் போய்விட்டார்கள். முதலாளிகள் இன்னும் மலிவான இடம் தேடிக் கிளம்பினார்கள்.

பதில்: சுட்டமண்

மேலே உள்ள இருவரும் பழைய வட்டாரத்தைச் சற்றுப் பொன்முலாம் பூசித்தான் பார்க்கிறார்கள். 1969 இலையுதிர்காலத்துப் பெரும் வேலைநிறுத்தங்களுக்குப் பிறகு, வடக்கே உள்ள பெரிய ஆலைகள் தொழிற்சங்கத்தைத் தவிர்க்கவே வேலையைச் சிறு பட்டறைகளுக்குப் பிரித்துக் கொடுக்கத் தொடங்கின. 1970-இல் வந்த தொழிலாளர் சட்டத்தின் பணிநீக்கப் பாதுகாப்பு 15 பேருக்கு மேல் வேலை செய்யும் இடங்களுக்கே பொருந்தியது. பட்டறைகள் வளராமல் சிறியதாகவே நின்றதற்கு அது ஒரு காரணம். பின்னலாடை வட்டாரமான கார்ப்பியில் பின்னலாடை தைத்தவர்களில் பெரும்பகுதியினர் வீட்டில் உட்கார்ந்து துண்டுக்குக் கூலி வாங்கிய பெண்கள். விளைச்சலில் பங்கு என்ற வாரக் குத்தகைக்கு நிலம் உழுத விவசாயக் குடும்பங்கள் அதே குடும்ப உழைப்பை, அதே நேரங்காலம் பாராத பழக்கத்தோடு, தொழிலுக்குக் கொண்டுவந்தன. ஆகவே வேலையை மலிவான கைகளைத் தேடி அனுப்புவது 1990-களில் ருமேனியாவோடு தொடங்கவில்லை. முதல் அடி பக்கத்துக் கிராமத்துக்கு, இரண்டாம் அடி கடல் கடந்து.

நான் செராமிக் துறையில் இருக்கிறேன். கூலியே எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்பதற்கு சஸ்ஸுவோலோ நேர் எதிரான சான்று. மொதெனாவுக்கும் ரெஜ்ஜோ எமிலியாவுக்கும் இடையே சில ஊர்களுக்குள்ளேயே இத்தாலிய டைல்ஸில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு தயாராகிறது. டைல் கனமான சரக்கு, சூளை இயந்திரமயம். கூலியை மிச்சம் பிடிக்க வெளிநாடு போவதில் லாபமில்லை. அவர்கள் அமெரிக்காவுக்குப் போனது கூலிக்காக அல்ல, கப்பல் கூலியைத் தவிர்த்து வாடிக்கையாளர் பக்கத்தில் இருப்பதற்காக. டென்னசியிலும் கென்டக்கியிலும் ஆலை வைத்தார்கள். 2013-இல் சஸ்ஸுவோலோவின் மராஸ்ஸி டைல் நிறுவனத்தை அமெரிக்காவின் மோஹாக் நிறுவனம் வாங்கியபின் முதலீடு எதிர்த்திசையிலும் ஓடியது.

ஆனால் சஸ்ஸுவோலோவும் தப்பிவிடவில்லை. 2000-களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 60 கோடி சதுர மீட்டரைத் தாண்டியிருந்த இத்தாலிய டைல் உற்பத்தி 2009-இல் 37 கோடிக்கும் கீழே விழுந்தது. அதன்பின் 40 கோடியைச் சுற்றியே நிற்கிறது. சீனா, ஸ்பெயின், குஜராத்தின் மோர்பி என்று போட்டி பல பக்கம். இதில் ஒரு முரண் உண்டு. மோர்பியிலும் சீனாவின் ஃபோஷானிலும் ஓடும் அச்சுப் பிரஸ்களில் கணிசமானவை இமோலாவிலுள்ள சாக்மி போன்ற இத்தாலிய இயந்திர நிறுவனங்களிடமிருந்து போனவை. 1919-இல் மெக்கானிக்குகள் சிலர் கூட்டுறவாகத் தொடங்கிய நிறுவனம் அது. டைல் செய்பவரும் இயந்திரம் செய்பவரும் பக்கத்து ஊர்க்காரர்கள். புது இயந்திரத்தை முதலில் ஓட்டிப் பார்த்துக் குறை சொல்வது சஸ்ஸுவோலோ ஆலை, அந்தக் குறை நீங்கிய இயந்திரம் போய்ச் சேர்வது போட்டியாளரிடம். இது துரோகம் என்று சஸ்ஸுவோலோவில் முணுமுணுப்பு உண்டு. என் கணிப்பில், அந்த வட்டாரம் இன்னும் நிமிர்ந்து நிற்பதற்கே அந்தப் பக்கத்து ஊர்தான் காரணம், ஏனென்றால் பெரிய பலகை அளவு டைலும் டிஜிட்டல் அச்சும் முதலில் அவர்கள் கைக்கே வந்தன.

காப்பு வரி பற்றி ஒரு வரி: 2011-இல் சீன டைல்ஸ் மீது ஐரோப்பிய ஒன்றியம் 69.7% வரை வரி போட்டது. அந்த இடத்தைப் பிறகு மோர்பியும் துருக்கியும் பிடித்துக்கொண்டதால் 2023-இல் அவற்றின் மீதும் வரி வந்தது.

கொங்குவாசி

மூவருக்கும் நன்றி. நான் பல காரணங்களில் எது என்று கேட்டேன். நீங்கள் வட்டாரத்துக்குள் எந்தக் கண்ணி அறுந்தது என்று பார்க்கச் சொல்கிறீர்கள். அப்படியானால் இன்னொன்று கேட்கத் தோன்றுகிறது. பிரெஞ்சு ஆடம்பரக் குழுமங்கள் இத்தாலியப் பட்டறைகளை வாங்குவதையும், 'மேட் இன் இத்தாலி'யை நம்பி வேலையைத் திரும்பக் கொண்டுவருவதையும் பத்திரிகைகள் வட்டாரங்களின் மறுபிறப்பாக எழுதுகின்றன. அறுந்த கண்ணிகளை அவை கோக்கின்றனவா?

பதில்: பதுவாவாசி

நான் பதுவா நகரில் சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதும் அலுவலகத்தில் பணிபுரிகிறேன். எங்களுக்குப் பக்கத்திலிருக்கும் பிரென்டா ஆற்றங்கரைதான் நீங்கள் கேட்பதற்குச் சரியான இடம். 1898-இல் ஸ்த்ரா ஊரில் வோல்தான் என்பவர் வைத்த தொழிற்சாலையில் தொடங்கிய பெண்கள் காலணி வட்டாரம் இது. 1923-இல் அதே ஊரில் ஏற்பட்ட மாதிரி வரைவோர் பள்ளியின் வழிவந்த நிறுவனம் இன்றும் இயங்குகிறது. தங்கள் சொந்தப் பெயரில் விற்றுக்கொண்டிருந்த பட்டறைகள் படிப்படியாக ஆடம்பர பிராண்டுகளுக்குச் செய்து கொடுப்பவையாக மாறின. லூயி வித்தோன் இங்கேயே ஃபியெஸ்ஸோவில் தன் சொந்தக் காலணித் தொழிற்சாலையைக் கட்டியது.

இதனால் வேலை தங்கியது, அதை நான் மறுக்கவில்லை. தையல் மேசையும் தங்கியது. ஆம்பூரான் கேட்ட டெக்னீஷியன் இங்கே இன்னும் உருவாகிறார். மாறியது வேறொன்று. முன்பு ஒரு பட்டறைக்காரர் பல நாட்டு வாடிக்கையாளர்களைத் தாமே சந்தித்து, தம் மாதிரியைத் தாமே வரைந்து, விலையையும் தாமே சொன்னார். இப்போது அவர் கணக்கில் வருமானத்தின் பெரும்பகுதி ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வருகிறது. மாதிரியும் விலையும் அங்கிருந்தே வருகின்றன. அந்த வாடிக்கையாளர் ஒரு பருவம் ஆர்டரைக் குறைத்தால், வங்கியில் ஓவர்டிராஃப்ட் கேட்கும் கடிதத்தை நான் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும்.

விலை அமுக்கப்படும்போது என்ன நடக்கும் என்பதற்கு 2024-இல் மிலான் நீதிமன்றம் சில புகழ்பெற்ற பிராண்டுகளின் உற்பத்திப் பிரிவுகளை நீதிமன்றக் கண்காணிப்பின்கீழ் கொண்டுவந்ததே சாட்சி. பிராண்டு ஒரு ஒப்பந்ததாரருக்குக் கொடுத்த வேலை, அங்கிருந்து இன்னொருவருக்குக் கைமாறி, கடைசியில் தொழிலாளர்கள் அங்கேயே உண்டு உறங்கி இரவு பகல் பாராமல் தைக்கும் பட்டறையில் போய் விழுந்திருந்தது. நூல்வணிகன் பிராட்டோவில் காட்டிய அதே நிலைமை, மலிவு ஆடைக்குப் பதில் ஆயிரக்கணக்கான யூரோ விலையுள்ள பைக்கு. பையின் மேல் இருந்த 'மேட் இன் இத்தாலி' பொய்யல்ல என்பதுதான் இதில் உறுத்துகிறது.

முத்திரையை இறுக்கவும் முயன்றார்கள். நூற்பு, நெசவு, ஃபினிஷிங், தையல் என்ற நான்கு கட்டங்களில் குறைந்தது இரண்டாவது இத்தாலியில் நடந்திருந்தால்தான் அந்தப் பெயரைப் போடலாம் என்று 2010-இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். பொதுச் சந்தை விதிக்கு முரண் என்று ஐரோப்பிய ஆணையம் ஆட்சேபித்ததால் அது நடைமுறைக்கே வரவில்லை. பாதி வேலையை வெளியே வைத்திருந்த இத்தாலிய நிறுவனங்கள் அதற்காகக் கண்ணீர் வடித்ததாக நான் கேள்விப்படவில்லை.

காதோரேயைச் சேர்த்துப் பார்த்தால் படம் தெளிவாகும். 1878-இல் கலால்ட்ஸோவில் முதல் கண்ணாடிச் சட்டத் தொழிற்சாலை வந்த அந்த மலைப்பள்ளத்தாக்கில் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் இருந்தன. அகோர்தோவில் 1961-இல் லியோனார்தோ தெல் வெக்கியோ பிறருக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கத் தொடங்கிய லக்ஸோத்திகா, எல்லாக் கட்டங்களையும் ஒரே கூரையின்கீழ் இழுத்துக்கொண்டு, சீனாவிலும் ஆலை வைத்து, 1999-இல் ரே-பான் பெயரை வாங்கி, 2018-இல் பிரான்சின் எஸ்ஸிலோருடன் இணைந்து உலகின் மிகப் பெரிய மூக்குக்கண்ணாடி நிறுவனமாயிற்று. உற்பத்தியும் கைத்திறனும் இந்த ஊர்கள் இருக்கும் பெல்லூனோ மலைகளில் இன்னும் இருக்கின்றன. அங்கே கூலிக்குக் கண்ணாடிச் சட்டம் வளைத்துக் கொடுத்த குடும்பப் பட்டறைகளில் பெரும்பாலானவை இல்லை. ஊர் பிழைத்தது, நீங்கள் பாடத்தில் நடத்தும் வட்டாரம் பிழைக்கவில்லை.

மாணவர்களுக்கு உதவுமானால் ஒன்று செய்யலாம்: ஏற்றுமதித் தொகையை மட்டும் பார்க்காமல், ஒரு வட்டாரத்தில் மூன்றுக்கு மேற்பட்ட வாடிக்கையாளர் உள்ள பட்டறைகள் எத்தனை, உரிமையாளரின் வயது என்ன, அவர் பிள்ளைகள் அதே தொழிலில் இருக்கிறார்களா என்று பாருங்கள். என் மேசைக்கு வரும் கணக்குகளில், மூடும் பட்டறைகளில் பல நஷ்டத்தில் மூடவில்லை. உரிமையாளர் ஓய்வு பெறுகிறார், மகள் மிலானில் வேறு வேலையில் இருக்கிறார், இயந்திரங்களை வாங்க ஆள் வருகிறது.